அக்டோபர்ல அழகா வந்த ஹல்லா நவம்பர்ல ஏன் வெடிச்சுது? ஒரு முழு போஸ்ட்மார்ட்டம்

ஹல்லாங்கறது யூதர்கள் வெள்ளிக்கிழமை பண்ற பின்னல் ரொட்டி. எனக்கு வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். நேத்து வரைக்கும் ஓடிட்டு இருந்தது இன்னைக்கு ஓடலைன்னா முதல்ல கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், நடுவுல என்ன மாறுச்சு? ஆபீஸ்ல 11 வருஷமா இதைத்தான் எல்லாரையும் கேட்டு உயிர வாங்கிட்டு இருக்கேன், ஆனா சொந்த கிச்சன்ல அந்தக் கேள்விய ஒழுங்கா கேக்க எனக்கு நாலஞ்சு வெள்ளிக்கிழமையும் மூணு கிலோ மாவும் ஆச்சு. நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

நாங்க இருக்குறது நியூ ஜெர்சில ஹைலேண்ட் பார்க். பக்கத்துல எடிசன், அங்க ஓக் ட்ரீ ரோடு, கறிவேப்பிலையிலேர்ந்து கல்யாணப் பட்டு வரைக்கும் நம்மாளுங்களுக்கு எல்லாம் அங்கதான். ஆனா எங்க ஊர்ல யூதர்கள் நிறைய. சனிக்கிழமை காலைல பார்த்தீங்கன்னா குடும்பம் குடும்பமா நல்லா உடுத்திக்கிட்டு ஜெப ஆலயத்துக்கு நடந்தே போவாங்க, ஏன்னா வெள்ளி சாயங்காலம் சூரியன் இறங்குனதுலேர்ந்து சனி ராத்திரி வரைக்கும் அவங்களுக்கு சபாத், கார் எடுக்கக்கூடாது, லைட் சுவிட்ச தொடக்கூடாது, அடுப்பு பத்த வைக்கக்கூடாது. எங்க பக்கத்து வீட்டம்மாவும் அப்படி கட்டுசெட்டா இருக்குறவங்கதான். எழுபது தாண்டியிருக்கும், பேரப்பசங்க "பாபி"ன்னு கூப்பிடுவாங்க, பாட்டின்னு அர்த்தம், என் பொண்ணும் அதையே புடிச்சுக்கிட்டா, அப்புறம் நாங்களும்.

அவங்க புது வருஷத்துக்கு, ரோஷ் ஹஷானாக்கு, ஒரு ரொட்டி குடுத்து விட்டாங்க. வட்டமா, சுருட்டி வச்ச பாம்பு மாதிரி, நடுவுல நடுவுல திராட்சை, கூட ஒரு குட்டி பாட்டில் தேன். தேன்ல தொட்டு சாப்பிடணுமாம், வருஷம் இனிப்பா இருக்கணும்னு. ஒரு வாய் வச்ச உடனே எனக்கு எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை கண்ணாடி பெட்டிக்குள்ள இருக்குற பன்னு ஞாபகம் வந்துச்சு, அதோட நல்லா படிச்ச அக்கா மாதிரி. டப்பா மேல எழுதியிருந்ததப் பார்த்து "சல்லா ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னு போய் சொன்னேன், அவங்க சிரிச்சுட்டு தொண்டைய காறுற மாதிரி ஒரு "ஹ" போட்டு "ஹல்லா"ன்னு சொல்லிக் குடுத்தாங்க. நம்ம ஊர்ல சல்லான்னா துணி.

வட்டம் அந்த பண்டிகைக்கு மட்டும். வாரா வாரம் வெள்ளிக்கிழமை பண்றது நீளமா பின்னல் போட்டது, அதுவும் எப்பவும் ரெண்டு. பைபிள் படிச்சவங்களுக்கு மன்னா கதை தெரிஞ்சிருக்கும், வனாந்தரத்துல தினமும் வானத்துலேர்ந்து விழும், ஓய்வுநாள்ல விழாதுங்கறதால முந்தின நாள் மட்டும் ரெட்டைப் பங்கு விழும், அந்த ரெட்டைக்குத்தான் ரெண்டு ரொட்டி. மன்னா மேலயும் கீழயும் பனி மூடியிருந்துச்சுங்கற கணக்குல ரொட்டி மேல ஒரு துணி போட்டு மூடி வைப்பாங்க. "ஹல்லா"ங்கற பேரே முதல்ல ரொட்டிக்கு இல்ல, பைபிள்ல எண்ணாகமம் 15-ம் அதிகாரத்துல வருதே, பிசைஞ்ச மாவுல முதல் துண்ட எடுத்து படைக்கணும்னு, அந்தத் துண்டுக்குத்தான் அந்தப் பேரு. பாபி இன்னும் அத பண்றாங்க. 5 பவுண்டு மாவு பாக்கெட்ட, அதாவது 2.27 கிலோவ, முழுசா ஒரே தடவைல பிசைவாங்க, ஏன்னா ஏறக்குறைய 1.67 கிலோவுக்கு மேல மாவு இருந்தாத்தான் அந்த ஆசீர்வாதத்த வாய் விட்டு சொல்லணும்னு அவங்க வழக்கம். நெல்லிக்காய் அளவு உருண்டைய கிள்ளி எடுத்து ஃபாயில்ல சுத்தி கருக விட்டுடுவாங்க. ஜெருசலேம்ல அவங்க கோயில் இருந்த காலத்துல பூசாரிக்கு போனது, இப்ப கோயில் இல்லாததால யாருக்கும் இல்ல.

இதுல பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. கறியோட பால் சேரக்கூடாதுங்கறது அவங்க சட்டம், வெள்ளி ராத்திரி சாப்பாட்டுல கோழி இருக்கும், அதனால ரொட்டில எண்ணெயும் முட்டையும் மட்டும்.

இங்க ஒண்ணு சொல்லிடணும், பின்னாடி தேவைப்படும். நான் பண்ற ரொட்டிய பாபி சாப்பிட முடியாது. என் ஓவன், என் பாத்திரம் எதுவும் கோஷர் இல்ல, அதாவது அவங்க சாப்பாட்டு சட்டத்துக்கு ஒத்து வராது. அவங்களே முதல் நாள் தெளிவா, கூச்சப்படாம சொல்லிட்டாங்க, பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன், வாயில வைக்க மாட்டேன்னு. எனக்கு அதுல வருத்தமே இல்ல, எங்க பாட்டியும் கடைசி வரைக்கும் வெளிய பச்சத்தண்ணி குடிக்காம வாழ்ந்தவங்கதான். ஆக என் வாத்தியார் ஒரு தடவை கூட ருசி பார்க்காமலேதான் மார்க் போட்டாங்க.

சரி, கேஸுக்கு வருவோம். அக்டோபர் ரெண்டாவது வெள்ளி முதல் தடவை பண்ணேன். பாபியோட 5 பவுண்டு கணக்க என் சைஸுக்கு சுருக்கி 500 கிராம் மாவு, 170 கிராம் தண்ணி, ரெண்டு முட்டையோட ஒரு மஞ்சக்கரு தனியா, 80 கிராம் சர்க்கரை, 60 மில்லி எண்ணெய், 9 கிராம் உப்பு, ஒரு பாக்கெட் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அதாவது 7 கிராம். 10 நிமிஷம் பிசைஞ்சு, ஒண்ணரை மணி நேரம் உப்ப விட்டு, மூணு கால் பின்னல் (கால்னா ஒரு இழை, சடைல வர்ற மாதிரி) போட்டு, இன்னொரு முக்கால் மணி நேரம் விட்டு, 350 ஃபாரன்ஹீட்ல, நம்ம கணக்குல 177 செல்சியஸ், 32 நிமிஷம். வந்துச்சு பாருங்க ஒரு ரொட்டி! செவப்பா, பளபளன்னு, பிச்சா நூல் நூலா பிரியுது. மறு வாரமும் அதே. நான் பெரிய ஆளாயிட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். போட்டோ எடுத்து எல்லா குரூப்லயும் போட்டாச்சு. அம்மா மட்டும் "முட்டை நாத்தம் வரலயா"ன்னு கேட்டாங்க.

நவம்பர் முதல் வெள்ளி, மூணு கால் போரடிக்குதுன்னு ஆறு கால் பின்னலுக்கு போனேன். ஓவனுக்குள்ள போறப்ப சிலை மாதிரி இருந்துச்சு. 15 நிமிஷம் கழிச்சு கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தா பக்கவாட்டுல, அடிப்பக்கத்துக்கு கொஞ்சம் மேல, ஒரு சாண் நீளத்துக்கு வெடிச்சு, உள்ள இருக்குற வெள்ளை மாவு தையல் விட்ட தலகாணி பஞ்சு மாதிரி வெளிய தள்ளிட்டு நிக்குது. பின்னலே ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. மேல நல்லா கருத்த செவப்பு, வெட்டிப் பார்த்தா நடுவுல ஈரமா, களி மாதிரி ஒரு கோடு. எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு "ஆக்சிடென்ட் ஆன வண்டி மாதிரி இருக்கு"ன்னாரு. சாப்பிட்டாரு, அது வேற விஷயம்.

இனிமே நான் பண்ண தப்புகள வரிசையா சொல்றேன், டெஸ்டிங்ல இருக்குற யாராவது படிச்சா மன்னிச்சுக்கோங்க.

முதல் சந்தேகம் மாவு மேல. அக்டோபர்ல பிரெட் மாவு வாங்கியிருந்தேன், தீர்ந்துட்டதால நவம்பர்ல வீட்ல இருந்த மைதா போட்டிருந்தேன், கண்டிப்பா இதான்னு முடிவு பண்ணி அடுத்த வாரம் பிரெட் மாவு வாங்கி வந்து போட்டேன். இன்னும் ஜாஸ்தியா வெடிச்சுது! இப்ப யோசிச்சா காரணம் புரியுது, பிரெட் மாவுல புரதம் அதிகம், மாவுக்கு இறுக்கம் அதிகம், நெகிழ நேரம் குடுக்காம ஓவன்ல வச்சா அந்த இறுக்கமே பிடிச்சு இழுத்து கிழிக்கும். அப்ப புரியல. மூட நம்பிக்கை மாதிரி பாக்கெட்ட மாத்தி மாத்தி வாங்கிட்டு இருந்தேன்.

ரெண்டாவது ஈஸ்ட். செத்துப் போன ஈஸ்ட்டா இருக்குமோன்னு வெதுவெதுப்பான தண்ணில ஒரு ஸ்பூன் சர்க்கரையோட போட்டு வச்சேன், பத்தே நிமிஷத்துல பீர் நுரை மாதிரி பொங்குச்சு. அது நிரபராதி. (முழு நிரபராதி இல்லன்னு அப்புறம் தெரிஞ்சுது, அதுக்கு வரேன்.)

மூணாவது ஓவன். இதுல கொஞ்சம் உண்மை இருந்துச்சு. உள்ள தொங்க விடுற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுப் பார்த்தா நான் 350 வச்சா அது 375 காட்டுது. சர்க்கரையும் முட்டையும் இருக்குற மாவு சீக்கிரம் செவக்கும், அதுலயும் ஓவன் 25 டிகிரி அதிகமா ஓடுனா மேல கருக ஆரம்பிக்கும், நாம பயந்து வெளிய எடுத்துடுவோம், நடு வேகாது. ஆக அந்த களிக் கோட்டுக்கு ஒரு காரணம் கிடைச்சுது. 325-ல வச்சு, குத்திப் பார்க்குற தெர்மாமீட்டர்ல நடுவுல 190 ஃபாரன்ஹீட், அதாவது 88 செல்சியஸ், வந்த அப்புறம்தான் எடுக்கணும்னு ஒரு விதி வச்சேன், மேல சீக்கிரம் செவந்தா ஃபாயில தளர்வா போத்தி விட்டா போதும். நடு வெந்துடுச்சு. வெடிக்கிறது நிக்கல.

நாலாவது பின்னல். ஆறு கால விட்டு திரும்ப மூணு காலுக்கு வந்தேன். கொஞ்சம் கம்மியா வெடிச்சுது, ஆனா வெடிச்சுது.

கவனிச்சீங்களா, மாவு, பின்னல் ரெண்டும் ஒரே வாரத்துல மாறியிருக்கு. நானா மாத்துனது அந்த ரெண்டும். நான் மாத்தாம தானா மாறுனது இன்னும் ரெண்டு இருந்துச்சு, அந்தப் பக்கம் நான் திரும்பிக் கூட பார்க்கல.

அதுல ஒண்ணு கடிகாரம். இங்க நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க. அக்டோபர்ல ஆறு மணி தாண்டி இறங்குன சூரியன் திடீர்னு அஞ்சுக்கு முன்னாடியே இறங்கிடும், டிசம்பர்ல நாலரைக்கே இருட்டு. பாபி சூரியன் இறங்க 18 நிமிஷம் முன்னாடி மெழுகுவர்த்தி ஏத்திடுவாங்க, ஏத்திட்டா அவ்வளவுதான், நான் போய் காலிங் பெல் அடிக்க முடியாது, போன்ல போட்டோ காட்ட முடியாது. ரொட்டிய சூடா கொண்டு போய் காட்டி மார்க் வாங்கணும்ங்கற ஆசைல, எனக்கு எந்த சட்டமும் இல்லாமலே, நாலு மணிக்கு ரொட்டி வெளிய இருக்கணும்னு நானே ஒரு டெட்லைன் போட்டுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை எனக்கு வீட்லேர்ந்து வேலை, 12 மணி லஞ்ச் பிரேக்லதான் மாவே பிசைய முடியும். அக்டோபர்ல பேப்பர்ல ஒண்ணரை மணி நேரம்னு எழுதியிருந்தாலும் மீட்டிங் நீண்டதுல நிஜமா ரெண்டு மணி நேரத்துக்கு மேல உப்பியிருக்கு, முக்கால் மணி நேரம்னு எழுதியிருந்தது ஒரு மணி பத்து நிமிஷம் ஆகியிருக்கு. போட்டோல நேரம் இருக்குமே, அத வச்சு கண்டுபிடிச்சேன். நவம்பர்லதான் நான் சுத்தமா ரெசிபில போட்ட நேரத்தையே ஃபாலோ பண்ணியிருக்கேன், அதுலயும் பத்து நிமிஷம் திருடியிருக்கேன்.

இன்னொண்ணு குளிர். அக்டோபர்ல கிச்சன் 24, 25 செல்சியஸ் இருந்திருக்கும். நவம்பர்ல எங்க வீட்டுக்காரர் தெர்மோஸ்டாட்ட 65-ல வச்சுட்டு, அதாவது 18 செல்சியஸ், "ஸ்வெட்டர் போட்டுக்கோ, கேஸ் பில் யார் கட்டுறது"ன்னு சொல்ற சீசன் ஆரம்பிச்சிடும். குழாய்த் தண்ணியும் ஜில்லுன்னு வரும். தெர்மாமீட்டர மாவுக்குள்ள விட்டுப் பார்த்தேன் ஒரு நாள், பிசைஞ்சு முடிச்ச மாவு 19 டிகிரி! 25, 26 இருக்கணும். ஆறேழு டிகிரி குறைஞ்சா ஈஸ்ட்டோட வேகம் ஏறக்குறைய பாதியா விழுந்துடும். அதாவது ரெட்டிப்பு நேரம் குடுக்க வேண்டிய எடத்துல நான் முன்னாடி குடுத்தத விட கம்மியா குடுத்திருக்கேன்.

சொன்னா வெக்கமா இருக்கு, இந்த வீட்ல இட்லி மாவு ஆட்டுறது நான்தான். நவம்பர் வந்தா மாவு பொங்காதுன்னு எனக்கு நல்லாத் தெரியும், வருஷா வருஷம் மாவு பாத்திரத்த ஓவனுக்குள்ள வச்சு லைட்ட மட்டும் போட்டு விடுறது இந்த ஊர்ல இருக்குற எல்லா தமிழ் வீட்லயும் நடக்குறதுதான். இட்லிக்கு ஒரு மூளை, ரொட்டிக்கு ஒரு மூளைன்னு தனித்தனியா வச்சிருந்திருக்கேன் போல. இட்லி மாவுக்கு யாரும் "8 மணி நேரம் ஆச்சு, ஊத்து"ன்னு சொல்றதில்ல, பொங்கியிருக்கான்னு மூடியத் திறந்து பார்ப்போம். ரெசிபின்னு பேப்பர்ல எழுதி வந்த உடனே பார்க்குறத விட்டுட்டு கடிகாரத்த நம்ப ஆரம்பிச்சுட்டேன்.

இத நானா கண்டுபிடிக்கல. நாலாவது வெடிப்புக்கு அப்புறம் பாபிய வெள்ளி மத்தியானம், ஓவன்ல வைக்கிறதுக்கு முன்னாடியே வந்து பார்க்கச் சொன்னேன். அவங்க வீட்ல வேலை தலைக்கு மேல இருக்குற நேரம், ஏப்ரனோட வந்தாங்க. பின்னி வச்சிருந்தத ஒரு பார்வை பார்த்துட்டு கைய கழுவிட்டு வந்து ஓரமா ஒரு விரலால மெதுவா அமுக்குனாங்க. குழி உடனே டப்புன்னு மேல வந்துருச்சு. ரப்பர் பந்து மாதிரி. அவங்க என்னைப் பார்த்து "உன்ன யாரு தொரத்துறா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, திரும்பி போயிட்டாங்க, அவங்களுக்கு சூப் கொதிச்சுட்டு இருந்துச்சு. பின்னால ஞாயித்துக்கிழமை விளக்கமா சொன்னாங்க, குழி உடனே வந்தா ஆகல, மெதுவா சோம்பேறித்தனமா வந்து கொஞ்சம் பள்ளம் மிச்சம் இருந்தா ஓவன்ல வை, வரவே இல்லைன்னா லேட் பண்ணிட்டன்னு அர்த்தம்.

டெஸ்டர் இல்லையா, வாத்தியார் சொன்னா மட்டும் போதாது, நிரூபிச்சாகணும். அடுத்த சனிக்கிழமை, எந்த டெட்லைனும் இல்லாத நாள், ஒரே மாவு 500 கிராம் கணக்குல பிசைஞ்சேன். முதல் உப்பல் நேரம் பார்க்காம நிஜமாவே ரெட்டிப்பாகுற வரைக்கும் விட்டேன், அந்த 18 டிகிரி கிச்சன்ல அதுக்கே மூணே கால் மணி நேரம் ஆச்சு. மொத்த மாவு 930 கிராம் வந்துச்சு, மூணா பிரிச்சு ஒவ்வொண்ணும் 310 கிராம், மூணுமே மூணு கால் பின்னல், ஒரே மாதிரி தளர்வா. முதல் ரொட்டிய 45 நிமிஷத்துல வச்சேன், ரெண்டாவத 90, மூணாவத 135 நிமிஷம். ஓவன் சூடு, மாவு, கை எல்லாம் ஒண்ணு. ரெண்டாவது உப்பல் நேரம் மட்டும் வேற.

45 நிமிஷ ரொட்டி ஓவன்ல ஏறுன ஏத்தம் பார்த்தா பிரமாதமா இருந்துச்சு, குபுகுபுன்னு எழும்புச்சு, அப்புறம் பக்கவாட்டுல நாலு விரல் அகலத்துக்கு டர்ருனு கிழிஞ்சுது. 90 நிமிஷத்துது பின்னலோட மடிப்புல ரெண்டு எடத்துல மட்டும் தோல் இழுத்த மாதிரி கோடு, கிழியல. 135 நிமிஷத்துது ஓவன்ல போய் பெருசா எழும்பவே இல்ல, இருந்ததுக்கு மேல கொஞ்சம்தான், ஆனா ஒரு கீறல் இல்ல, உள்ள பஞ்சு. மூணையும் வரிசையா வச்சு நடுவுல வெட்டி டைனிங் டேபிள்ல நிக்க வச்சப்ப என் பொண்ணு "அம்மா இதுக்கு ஏன் இவ்ளோ சந்தோஷப்படுற"ன்னு கேட்டா.

ஏன் அப்படின்னா, ஓவன்ல வச்ச முதல் பத்து நிமிஷம் ஈஸ்ட்டுக்கு கடைசி ஆட்டம், சூடு ஏறஏற வேகமா காத்து விடும், ஏற்கனவே உள்ள இருக்குற காத்தும் ஆவியும் விரியும், அதே நேரத்துல மேல் தோல் காஞ்சு கெட்டியாகிட்டே வரும். வெளிய நல்லா உப்புன மாவுன்னா இந்த ஏத்தம் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும், தோல் தாங்கிடும். வெளிய உப்பாம உள்ள போனா மொத்த ஏத்தமும் உள்ளதான் நடக்கணும், தோல் தாங்காது, எங்க பலவீனமோ அங்க கிழிச்சுட்டு வரும். பிரெஞ்சுக்காரங்க நீள ரொட்டில பிளேடால கீறி விடுறாங்களே, அது இதுக்குத்தான், கிழிஞ்சா இங்க கிழின்னு வழி காட்டுறது. ஹல்லால கீறல் கிடையாது, பின்னலோட இணைப்புதான் பலவீனமான எடம், அதுவும் தட்டுக்கு பக்கத்துல.

ஈஸ்ட் முழு நிரபராதி இல்லன்னேன்ல. 500 கிராம் மாவுக்கு 80 கிராம் சர்க்கரைன்னா 16 சதவீதம். கொஞ்சம் சர்க்கரை ஈஸ்ட்டுக்கு சாப்பாடு, நிறைய சர்க்கரை அதுகிட்டேர்ந்து தண்ணிய உறிஞ்சிடும், ஊறுகாய்ல உப்பு மாங்காயிலேர்ந்து தண்ணி இழுக்குதே அதே கதை, ஈஸ்ட் சோர்ந்து போகும். இதுக்குன்னே இனிப்பு மாவுக்கான ஈஸ்ட் தனியா வருது, எஸ்ஏஎஃப் பிராண்ட்ல சிவப்பு பாக்கெட் சாதா ரொட்டிக்கு, தங்க கலர் பாக்கெட் இனிப்பு மாவுக்கு. நான் ஈஸ்ட்ட மாத்தாம சர்க்கரைய 60 கிராமாக்கிட்டேன், 12 சதவீதம். அதுவே எங்க நாக்குக்கு போதும். இந்த இனிப்பு சமாச்சாரம் எல்லா யூதர்கள் கிட்டயும் இல்ல. கிழக்கு ஐரோப்பா பக்கத்துலேர்ந்து வந்தவங்க வழில இனிப்பு, ஸ்பெயின் வழி வந்த ஸெஃபார்டிக் ஆளுங்க நிறைய பேரு இனிப்பு தூக்கலா தெரிஞ்சா அது ரொட்டியே இல்ல, கேக் கணக்கு, ரொட்டிக்கான ஆசீர்வாதத்த அதுக்கு சொல்லக்கூடாதுன்னு சொல்வாங்க.

இன்னும் ஒரு குற்றவாளி மிச்சம், அது என் கை. மூணு கால் பின்னல்ல கம்மியா வெடிச்சுது, ஆறு கால்ல அதிகமா வெடிச்சுதுன்னு சொன்னேன்ல. பாபி நான் பின்னுறதப் பார்த்தப்ப ஒரு மாதிரி முகத்த சுளிச்சாங்க. எங்கம்மா ஸ்கூலுக்கு அனுப்புறப்ப எண்ணெய் வச்சு ரிப்பன் கட்டி ரெட்டை சடை போடுவாங்க, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு இழு இழுப்பாங்க பாருங்க, புருவம் மேல ஏறி நாள் முழுக்க ஆச்சரியப்பட்ட மாதிரியே சுத்துவேன். சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி கலையாது. என் பொண்ணுக்கும் நான் அப்படித்தான் போடுறேன். அதே கை மாவுலயும் போயிருக்கு! முடி உப்பாது, மாவு உப்பும். கால்களுக்கு நடுவுல ஒரு விரல் போற அளவு தளர்வா விட்டாத்தான் விரிய எடம் இருக்கும். இதையும் ஒரு நாள் சோதிச்சேன், ஒரே மாவு, ஒரே 135 நிமிஷம், ஒண்ணு அம்மா ஸ்டைல், ஒண்ணு பாபி ஸ்டைல். அம்மா ஸ்டைல் ஒரு எடத்துல விட்டுக்குடுத்துச்சு, சின்னதா. ஆக பெரிய காரணம் உப்பல், சின்ன காரணம் இழுப்பு, ரெண்டும் சேர்ந்த நாள்தான் அந்த ஆக்சிடென்ட் வண்டி.

ஆறு கால் எப்படின்னு கேப்பீங்க. ஆறையும் ஒரு முனைல ஒட்டி விசிறி மாதிரி விரிச்சு வச்சுக்கோங்க. வலது கடைசி கால எடுத்து ரெண்டுக்கு மேல, ஒண்ணுக்கு கீழ, ரெண்டுக்கு மேல. இப்ப யாரு வலது கடைசியோ அவரை எடுத்து திரும்ப அதே. வாய் விட்டு "மேல ரெண்டு, கீழ ஒண்ணு, மேல ரெண்டு"ன்னு சொல்லிட்டே பண்ணணும், நடுவுல போன் வந்தா போச்சு. கால் உருட்டுறப்ப சுருங்கி சுருங்கி வந்தா சண்டை போடாம பத்து நிமிஷம் துணி போட்டு மூடி வச்சுட்டு வாங்க, தானா வழிக்கு வரும். பின்னுறதுக்கு முன்னாடி கால் மேல லேசா மாவு தூவி விட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மழுங்காம பின்னல் தனித்தனியா தெரியும்.

இப்ப பண்றது இப்படி. வியாழக்கிழமை ராத்திரி பாத்திரம் கழுவுன அப்புறம் வெதுவெதுப்பான தண்ணில மாவு பிசைஞ்சு, அரை மணி நேரம் வெளிய வச்சு, மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல. மெதுவா ராத்திரி முழுக்க உப்பும். வெள்ளி 12 மணி லஞ்ச் பிரேக்ல எடுத்து குளிரோடயே பிரிச்சு உருட்டுறேன், ஜில்லுன்னு இருக்குற மாவு கைல ஒட்டாது, உருட்ட சுகம். பின்னி பட்டர் பேப்பர் போட்ட தட்டுல வச்சு முட்டை பூசி, லைட் மட்டும் எரியுற ஓவன்ல, கூட ஒரு டம்ளர் சுடுதண்ணி. எங்க ஓவன்ல பழைய குண்டு பல்பு, 28, 29 டிகிரி வரும், புது எல்ஈடி பல்புன்னா சூடே வராது, பார்த்துக்கோங்க. ஃப்ரிட்ஜ்லேர்ந்து வந்த மாவுக்கு ரெண்டு, ரெண்டே கால் மணி நேரம் ஆகுது. அரை மணிக்கு ஒரு தடவை விரல் வச்சுப் பார்க்குறது, அவ்வளவுதான். ஓவன சூடு பண்றதுக்கு முன்னாடி தட்ட வெளிய எடுக்க மறக்காதீங்க, மறந்தவ சொல்றேன், அது இட்லி மாவு, பிளாஸ்டிக் மூடி, அந்த வாசனை ஒரு வாரம்.

இந்த லைட் வைத்தியத்துலயும் ஒரு தடவை கவுந்தேன். மீட்டிங்ல மாட்டி அப்படியே விட்டுட்டேன், வந்து பார்த்தா பின்னலே தெரியாம ஊதிப் போயிருக்கு, முட்டை பூசலாம்னு பிரஷ் வச்ச உடனே புஸ்ஸுனு இறங்கிடுச்சு. வெடிக்கல! தட்டையா, சுருக்கம் சுருக்கமா, புளிச்ச வாடையோட ஒரு தோசைக்கல் சைஸ் ரொட்டி. ஞாயித்துக்கிழமை பாம்பே டோஸ்ட் போட்டு தீர்த்தோம், உண்மைய சொல்லணும்னா பழசான ஹல்லால போடுற பாம்பே டோஸ்ட்டுக்கு ஈடு எதுவும் இல்ல.

முட்டை பூசுறது ரெண்டு தடவை. ஒரு தடவை மட்டும் பூசுனா உப்புறப்ப விரிஞ்ச மடிப்புல முட்டை இருக்காது, வெளுத்த வரி வரியா தெரியும். பின்னுன உடனே ஒண்ணு, ஓவனுக்கு போறதுக்கு முன்னாடி ஒண்ணு, அது மேல எள்ளோ கசகசாவோ. மடிப்புக்குள்ள முட்டை குட்டை மாதிரி தேங்காம பார்த்துக்கணும், தேங்குனா ஆம்லெட்.

டிசம்பர் ரெண்டாவது வெள்ளி, மூணு அம்பதுக்கு, ஆறு கால் ரொட்டிய துணில மூடி எடுத்துட்டு பாபி வீட்டுக்கு போனேன். நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாங்க, அடிய விரலால தட்டி காது வச்சாங்க, பக்கவாட்ட கண்ணாடி போட்டு பார்த்தாங்க. கிழிசல் இல்ல. மோந்து பார்த்து தலைய ஆட்டுனாங்க. அப்புறம் ரொட்டியோட ரெண்டு முனையையும் காட்டி, ஒரு முனை கூர்மையா இருக்கு, இன்னொரு முனை ஏன் மொத்தமா இருக்குன்னு கேட்டாங்க. மூணு கால்ல நடுவுலேர்ந்து பின்ன ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போனா சமமா வந்துடும், ஆறு கால்ல அப்படி எனக்கு வரல, ஒரு முனைலேர்ந்துதான் போக முடியுது, ஆரம்பிக்கிற முனை எப்பவும் குண்டாவே வருது. காலோட ரெண்டு முனையையும் இன்னும் மெலிசா உருட்டிப் பார்த்தேன், அந்த முனைய உள்ள மடிச்சு சொருகிப் பார்த்தேன். எங்க டெஸ்டிங் பாஷைல சொன்னா, அந்த டிக்கெட் இன்னும் ஓபன்தான், பிரச்சனை தீரல.